தானாகக் கிளம்பிய உபயங்கள்

மரி-ஆஞ் மேல எனக்கு முதல் நாளே சந்தேகம் வந்துடுச்சு. கோவில் ஆபீசுக்கு வேலைக்கு வர்றா, கழுத்துல சிலுவை தொங்குது. வந்தவ வாசல்லயே செருப்பைக் கழட்டினா. தரையில ஒரு வில்வ இலை கெடந்தது. அதை மிதிக்காம குனிஞ்சு எடுத்து சாமி படத்துக்கு முன்னாடி வச்சா. கிறிஸ்தவப் பொண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு எனக்கு ஒரு சந்தேகம். தெரியாம மிதிச்சிருந்தா அதுக்கும் சந்தேகப்பட்டிருப்பேன், அது வேற விஷயம். என் புத்தி அப்படி. காய்கறிக்காரன் கொசுறு கொடுத்தாக்கூட, இவன் எதுக்குக் கொடுக்கிறான்னு கொத்தமல்லியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவ நான்.

என் பேர் கனகம். எங்க வீட்டுக்காரர் கோபாலகிருஷ்ணன் சாயப்பட்டறை மாஸ்டர். திருப்பூர்ல இருந்தவரை ஒரு பனியன் கம்பெனிக்காரங்க மொரீசியசுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. தொண்ணூறுகள்ல இந்த ஊர்ல தடுக்கி விழுந்தா ஒரு தையல் ஃபாக்டரி, எந்திரிச்சு நின்னா ஒரு ஹோட்டல். எங்களுக்கு வீடு ட்ரியோலேயில, மெயின் ரோட்டோரமா. நாலு கடை தள்ளி முருகன் கோவில். இங்க தமிழ்க்காரங்க நிறைய பேர் இருக்காங்க, ஆனா வீட்டுல பேசுறது க்ரெயோல், பிரெஞ்சு கலந்த இந்த ஊர் பாஷை. தேவாரம் கணீர்னு பாடுவாங்க, அர்த்தம் கேட்டா சிரிப்பாங்க. அதனால இந்தியாவில இருந்து வந்தவங்கன்னா ஒரு தனி மரியாதை. எனக்குத் தமிழ் எழுத வரும், நட்சத்திரம் ராசி தெரியும். அது போதும்னு கோவில் ஆபீஸ்ல கூப்பிட்டு உட்கார வச்சுட்டாங்க. சம்பளம் கிடையாது, சர்க்கரைப் பொங்கல் உண்டு. நானும் மார்க்கெட்ல பேசிப் பேசி க்ரெயோல் கத்துக்கிட்டேன். இனிமே இவங்க பேசினதா நான் சொல்றதெல்லாம் க்ரெயோல்ல பேசினதுதான். என் வாயில தமிழா வருது, அவ்வளவுதான்.

மரி-ஆஞ்சுக்கு ஊர் போ பசான். அப்பா பேர் சின்னத்தம்பு. அவர் பாட்டன் காலத்துலயே ஞானஸ்நானம் வாங்கின குடும்பம். அப்பா போய்ச் சேர்ந்துட்டார், இவளும் அம்மாவும்தான் வீட்டுல. பதினாறு வயசுல சட்டை ஃபாக்டரிக்குப் போனவ, பத்து வருஷத்துக்கு மேல காலர் தைச்சிருக்கா. காலர் மட்டும். ஒரு சட்டையை முழுசா தைச்சதே இல்லையாம், கை எங்க ஒட்டுவாங்கன்னே தெரியாதும்பா. மணிக்கட்டு ரெண்டும் போச்சு. ராத்திரி வெந்நீர்ல கையை வச்சுக்கிட்டுத்தான் தூங்குவாளாம். அப்புறம் பாக்கிங் செக்‌ஷன்ல கம்ப்யூட்டர் வாங்கினாங்க. அதைப் பார்த்துக்க வச்சிருந்த ஆள் ஹோட்டல் வேலை கிடைச்சு ஓடிட்டான். இவளைப் பிடிச்சு உட்கார வச்சாங்க. தட்டுத் தடுமாறி தானே கத்துக்கிட்டா. அந்த செக்‌ஷனை மூடினதும், கோவில் ஆபீசுக்கு ஆள் வேணும்னு கேள்விப்பட்டு இங்க வந்தா. இந்த வேலை போனா திரும்ப காலர் பெஞ்சுதான். அந்த மணிக்கட்டை வச்சுக்கிட்டு அவளால அது முடியாது. இதை அவளே ஒரு தடவை சொன்னா, அழாம, ஏதோ பஸ் நேரம் சொல்ற மாதிரி.

கோவில் கம்ப்யூட்டர் இருக்கே, அது ஒரு தனிக் கூத்து. வாங்கின அன்னைக்கு டிவிப்பெட்டி மாதிரி இருந்த அதுக்குச் சந்தனம் வச்சு, குங்குமம் வச்சு, எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டுத்தான் பட்டனை அமுக்கினாங்க. கோவில் தலைவர் ராமசந்திரன் இரும்புக்கடை வச்சிருக்கிறவர், பெரிய உடம்பு, பெரிய குரல். "மெஷினைத் திறந்ததும் முதல்ல பிள்ளையார்தான் வரணும்"னார். வாஸ்தவம்தானே? எங்கயோ சொல்லி ஒரு பிள்ளையார் புரோகிராம் கொண்டு வந்து போட்டாங்க. பட்டனை அமுக்கினா திரை முழுக்கப் பிள்ளையார் நிப்பார். ஒரு பாட்டு முழுசா ஓடும். அடியில "ராமசந்திரன் குடும்பத்தார் உபயம்"னு எழுத்து மின்னும்.

அதைப் பார்த்துட்டு மத்தவங்க சும்மா இருப்பாங்களா? கோவில்ல விளக்கு, மணி, வெங்கலப் பாத்திரம்னு எல்லாத்துக்கும் உபயக்காரங்க உண்டு, கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் கூடாதுன்னு ஆரம்பிச்சாங்க. ஒரு டாக்டர் மெட்ராஸ் போய்ட்டு வரும்போது பஞ்சாங்கம் புரோகிராம் வாங்கிட்டு வந்தார், அதுவும் திறந்ததும் வரணும்னார். டாக்சிக்காரர் ஒருத்தர் திரையோட ஓரத்துல நாள் முழுக்க எரியுற குத்துவிளக்கு கொடுத்தார். இன்னொரு குடும்பம் ஒரு மயில் கொடுத்தது. அது எழுத்து மேலயெல்லாம் நடந்து போகும், நடுவுல நின்னு தோகை விரிக்கும். கால் மணிக்கு ஒரு தடவை அடிக்கிற கோவில் மணி வேற. எல்லாத்துலயும் உபயம் இன்னார்னு பேர். எல்லாமே பட்டனை அமுக்கினதும் தானா கிளம்பணும்னு கண்டிப்பா சொல்லிட்டுப் போனாங்க. சொன்னபடியே மரி-ஆஞ் போட்டு வச்சா.

தைப்பூசம் நெருங்குற சமயம் மெஷின் படுத்துக்கிச்சு. காவடி எடுக்கிறவங்க, பால் செம்பு எடுக்கிறவங்க பேரையெல்லாம் பதிஞ்சு சீட்டு அடிச்சுக் கொடுக்கணும். இங்க ஜனவரிதான் கோடை, அந்த வெக்கையில வாசல் வரைக்கும் க்யூ நிக்குது. ஒரு பேரைத் தட்டினா அந்த எழுத்து எப்போ தோணுதோ அப்போதான் வருது. நடுவுல அந்த மயில் வேற குறுக்க நடக்குது. க்யூவுல இருந்த ஒரு அம்மா, "என் பேர் வர்றதுக்குள்ள காவடியே முடிஞ்சிடும்போல"ன்னு சத்தமா சொல்லிச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. மரி-ஆஞ் மட்டும் சிரிக்கல.

தலைவர் போர்ட் லூயிஸ்ல இருந்து மெஷின் விக்கிற ஜான்-க்ளோடை வரவழைச்சார். பளபளன்னு ஷூ. அதையும் கழட்ட மனசில்லாம கழட்டிட்டு வந்தான். அங்க அமுக்கினான், இங்க அமுக்கினான், திரையில ஏதோ ஒரு மஞ்சள் பெட்டியைத் திறந்து பார்த்தான், மூடினான். உதட்டைப் பிதுக்கினான். "பழசாயிடுச்சு, மிஸ்யே ராமசந்திரன். புதுசு வாங்குங்க. அதோட..." அப்படின்னு குரலைத் தாழ்த்தி, "யார் என்னென்ன போட்டிருக்காங்களோ, எனக்குத் தெரியாது"ன்னான். சொல்லிட்டு மரி-ஆஞ்சை ஒரு பார்வை பார்த்தான் பாருங்க! எனக்கு அவன் மேலயும் சந்தேகம் வந்துடுச்சு. விக்கிறவன் கிட்டயே வாங்கலாமான்னு கேட்டா வேற என்ன சொல்வான்?

ஆனா தலைவருக்கு அந்த ஒரு பார்வை போதுமா இருந்துச்சு. "இவ வர்றதுக்கு முன்னாடி நல்லாத்தானே ஓடுச்சு?"ன்னார் கமிட்டியில. "நம்ம சாமி பாட்டு ஓடும்போது இவ மூஞ்சியைப் பார்த்திருக்கீங்களா? கொடியேத்தத்துக்குள்ள சரியாகலேன்னா இந்தப் பொண்ணு நமக்கு வேண்டாம்." ஒருத்தர்கூட மறுத்துப் பேசல. நானும்தான் பேசல. எனக்கு இன்னும் தெளிவாகல, அதான்.

இந்த சமயத்துல கோவில் குருக்கள் குருமூர்த்தி என் சந்தேகத்துக்கு ஒரு தீனி போட்டார். அவரும் என்னை மாதிரி இந்தியாவில இருந்து வந்தவர்தான், மாயவரம். "மாமி, அந்தப் பொண்ணு விடியறதுக்குள்ள வந்து சாவி வாங்கிக்கிறா. கதவைச் சாத்திண்டு தனியா உட்கார்ந்துண்டிருக்கா. என்ன பண்றாளோ!"ன்னார். போ பசான்ல இருந்து போர்ட் லூயிஸ் ஒரு பஸ், அங்கேருந்து ட்ரியோலே ஒரு பஸ். எதுக்கு இவ்வளவு சீக்கிரம் வர்றா? மறுநாள் வீட்டுக்காரருக்குக் காப்பியைக் கலந்து கையில கொடுத்துட்டு நேரா கோவிலுக்குப் போயிட்டேன். ஜன்னல் ஓரமா, செம்பருத்திச் செடிக்குப் பின்னால நின்னேன். ஆமா, ஒளிஞ்சுதான் நின்னேன். என்ன இப்போ?

உள்ளே மரி-ஆஞ் பட்டனை அமுக்கினா. பையில இருந்து ஒரு துணியை எடுத்தா, பளீர்னு ரோஸ் கலர். உட்கார்ந்து ஊசியில தைக்க ஆரம்பிச்சுட்டா. ஓஹோ, கோவில் கரண்ட்ல, கோவில் ஃபேன்ல, வெளித் தையல் வேலையா! இந்தா பிடிச்சுட்டேன்னு உள்ளே போகப் போனேன். அப்போ திரையில பிள்ளையார் வந்தார். பாட்டு கிளம்பிச்சு. அவ தையலை மடியில வச்சுட்டு எழுந்து நின்னா. பாட்டு முடியுற வரைக்கும் நின்னா. கீபோர்டுல ஒரு தட்டு தட்டினா பாட்டை நிறுத்திடலாம், நானே ஆத்திரத்துல எத்தனையோ தடவை நிறுத்தியிருக்கேன். அவ நிறுத்தல. முடிஞ்சதும் உட்கார்ந்து தையலை எடுத்தா. பஞ்சாங்கம் வந்துச்சு. விளக்கு வந்துச்சு. மயில் வந்துச்சு. அவ தைச்சுக்கிட்டே இருந்தா. மெஷின் இன்னும் உறுமிக்கிட்டே இருந்துச்சு.

"ஏன்டி, என்ன பண்றே நீ?"ன்னு உள்ளே போய் நின்னேன்.

துள்ளி விழுந்தா. "ஐயோ, தாந்தின்!"ன்னா. தாந்தின்னா நம்ம ஊர் அத்தை மாதிரி. என்னை அப்படித்தான் கூப்பிடுவா. "எல்லாரும் வர்றதுக்குள்ள மெஷின் எழுந்திருக்கணும்ல, அதான் சீக்கிரம் வர்றேன். இல்லேன்னா க்யூவுல திட்டுறாங்க."

"அது ஏன் இப்படி எழுந்திருக்குது? உண்மையைச் சொல்லு."

அவ திரையைக் காட்டினா. "தாந்தின், ஃபாக்டரியில ஒரு பெஞ்சுல ஆறு பேர் உட்கார்ந்து தைக்கலாம். பன்னெண்டு பேரை உட்கார வச்சா யாரோட கையும் நகராது. இந்த மெஷின்ல பெஞ்சு சின்னது. பட்டனை அமுக்கினதும் எல்லா உபயமும் ஒண்ணா வந்து உட்கார்ந்துடுது."

"அதான் வந்ததும் ஒவ்வொண்ணா மூடுறியே?"

"மூடினா கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கீழே கடிகாரத்துக்குப் பக்கத்துல பாருங்க." பார்த்தேன். குட்டிக் குட்டியா படங்கள். விளக்கு, மணி, மயில், எல்லாம் வரிசையா உட்கார்ந்திருந்துச்சு. "இதுங்க எழுந்து போகவே இல்ல. பெஞ்சுலயேதான் இருக்கு. அப்புறம் நான் பேரைத் தட்ட இடமேது?"

எனக்குச் சுர்ருன்னு வந்துச்சு. "தெரிஞ்சு வச்சுக்கிட்டே வாயை மூடிட்டு இருந்தியா? எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே!"

"எதை, தாந்தின்? பிள்ளையாரையா?"

கழுத்துல இருந்த சிலுவையை ஒரு விரலால தூக்கிக் காட்டினா. "நான் எடுத்தா என்ன சொல்வாங்க?"

என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாதா? முதல் ஆளா நானே கத்தியிருப்பேன், கிறிஸ்தவச்சி பிள்ளையாரைத் தூக்கிட்டாள்னு. மெஷினை மெதுவாக்கினவங்கிற பேரோட வேலை போனா அதோட போச்சு. சாமியைத் தூக்கினவங்கிற பேர் வந்தா ட்ரியோலேயில இருந்து போ பசான் வரைக்கும் கூடவே வரும். பாவி மக, ரெண்டையும் சீர்தூக்கிப் பார்த்துட்டுத்தான் ஊசியும் நூலுமா உட்கார்ந்திருந்திருக்கா.

"அந்த ஜான்-க்ளோடுக்கு இது தெரியாதா?"

"தெரியும். அந்த மஞ்சள் பெட்டியைத் திறந்து பார்த்தாரே, அதுக்குள்ளதான் எல்லாம் இருக்கு. என்னைப் பார்த்தார், மூடிட்டார். புது மெஷின் விக்கணும். அதோட அவரும் ஞானஸ்நானம் வாங்கினவர்தானே, அவர் மட்டும் தொடுவாரா?"

புடவைத் தலைப்பை இடுப்புல செருகினேன். "நகரு. எதைப் பிடிக்கணும், எப்படிப் பிடிக்கணும், சொல்லு."

அதுவரைக்கும் நான் மவுசைத் தொட்டது கிடையாது. அது என் கையில நிக்காம எலிக்குட்டி மாதிரியே ஓடுச்சு. ஸ்டார்ட்டுன்னு எழுதியிருந்த இடத்துல வலது பக்கத்தை அமுக்கச் சொன்னா, அப்புறம் ஒவ்வொண்ணா திறக்கச் சொன்னா. கடைசியில அந்த மஞ்சள் பெட்டி. மெஷின் எழுந்ததும் தானா கிளம்புறதெல்லாம் அதுக்குள்ளதான் வரிசையா இருந்துச்சு. "அழிக்க வேண்டாம் தாந்தின், பக்கத்துல வேற பெட்டி வச்சிருக்கேன், அதுக்கு இழுத்து விட்டாப் போதும்"னா. விளக்கை இழுத்தேன். மயிலை இழுத்தேன், ஒழிஞ்சது. பிள்ளையார்கிட்ட வந்ததும் மவுசை விட்டுட்டேன். ஒளிஞ்சு பார்க்கத் தெரிஞ்ச எனக்கு இதுக்குத் தைரியம் வரல.

மரி-ஆஞ்தான் சொன்னா: "தாந்தின், இது சாமி இல்ல. சாமி இருக்கிற இடத்துக்கு வழி மட்டும்தான் இது. வழியை நகர்த்தினா சாமி எங்கேயும் போகாது. எப்போ வேணும்னாலும் கூப்பிடலாம்."

"பிள்ளையாரப்பா, பக்கத்து ரூமுக்குத்தான்"னு சொல்லிக் கன்னத்துல போட்டுக்கிட்டு இழுத்து விட்டேன். வைரஸ் பார்க்கிறதையும் தமிழ் எழுத்து அடிக்கிறதையும் தொடக் கூடாதுன்னா, அதை விட்டுட்டோம். மெஷினை அணைச்சுத் திரும்பப் போட்டா. என் புடவைத் தலைப்பை நான் சரி பண்ணி நிமிர்றதுக்குள்ள திரை வந்து நிக்குது! ஒரு பேரைத் தட்டினா, தட்டின கையோட எழுத்து வருது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சோம். அவ சிரிச்சு அன்னைக்குத்தான் நான் பார்த்தேன். சாமி இல்லாத மெஷின் ஆகாதேன்னு, என் பையில இருந்த சின்னப் பிள்ளையார் படத்தை எடுத்து மெஷின் தலையில ஒட்டினேன்.

சாயங்காலம் தலைவர் கமிட்டிக்காரங்களோட வந்தார். மரி-ஆஞ் பட்டனை அமுக்கினா. மெஷின் படக்குனு எழுந்துச்சு. சந்தோஷப்படுவார்னு பார்த்தேன். மனுஷன் கண்ணைச் சுருக்கினார்.

"பார்த்தீங்களா? வேலை போகும்னு சொன்னதும் ஓடுது. அப்போ இத்தனை நாள் யார் கட்டிப் போட்டது?" அப்புறம் திரையைப் பார்த்தார். முகம் மாறிடுச்சு. "பிள்ளையார் எங்கே?"

எல்லார் கண்ணும் அவ கழுத்துக்குப் போச்சு. அவ மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டுத் தலை குனிஞ்சு நின்னா.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்துச்சோ. "நான் எடுத்தேன்!"னு கத்தினேன். "நான்தான் எடுத்தேன், என் கையால!"

"நீங்களா, மதாம் கனகம்?" அவர் குரல் அப்படியே இறங்கிப் போச்சு. "அப்போ ஏதாவது சாஸ்திரம் இருக்கும்."

சாஸ்திரமாவது மண்ணாவது! ஆனா வாய் விடலையே. "பத்து நாள் திருவிழாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு உபயம்தானே? எல்லா உபயக்காரங்களும் முதல் நாளே வந்து தேரைப் பிடிச்சுக்கிட்டா தேர் நகருமா? இதுவும் அப்படித்தான். இன்னைக்கு ஒருத்தர் உபயம் மட்டும் வரட்டும், நாளைக்கு அடுத்தவங்களோடது. உங்களுதுதான் முதல் நாள்"னு சொன்னேன். முதல் நாள்னதும் அவருக்குக் குளிர்ந்து போச்சு. மத்தவங்களும் தலையை ஆட்டினாங்க. இந்தியாவில அப்படித்தான் பண்றாங்களாம்னு ஒருத்தர் இன்னொருத்தருக்குச் சொன்னார். இந்தியாவில எந்தக் கோவில்ல கம்ப்யூட்டருக்கு உபயம் முறை வச்சிருக்காங்கன்னு கேட்க ஒரு ஆள் இல்ல. இவ பண்ணினா பாவம், அதையே நான் பண்ணினா சாஸ்திரம்.

"இந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னேன், கிளம்பினவரை நிறுத்தி.

"எதுக்கு? வேலையை விட்டு எடுக்கலையே!"ன்னுட்டுப் போயிட்டார்.

அந்த வருஷம் சீட்டெல்லாம் மளமளன்னு அடிச்சுத் தள்ளினா. க்யூ வாசல் தாண்டல. பூசத்தன்னைக்கு ஆத்தங்கரையில கூட்டத்தோட கூட்டமா நின்னேன். பால் செம்பு எடுக்கிற வரிசையில ரோஸ் கலர் பாவாடை தாவணியில ஒருத்தி, உதட்டுல சின்ன வேல் குத்தியிருக்கு, கழுத்துல சிலுவையும் இருக்கு. மரி-ஆஞ்! காலையில காலையில தைச்ச துணி அதுதான். அவங்க வீட்டுல அப்பா சின்னத்தம்பு காலத்துல இருந்து வருஷா வருஷம் எடுக்கிறாங்களாம். பத்து நாள் விரதம் இருந்து, அந்தப் பட்டினி வயித்தோடதான் ரெண்டு பஸ் மாறி வந்திருக்கா. அந்த சிலுவையைப் பார்த்து நான் என்னென்ன நினைச்சேன்!

சாயங்காலம் வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறினாங்க. அவ பக்கத்துல போய் உட்கார்ந்தேன். "இந்த ஒண்ணாந் தேதியில இருந்து கிராண்ட் பே ஹோட்டல்ல சேர்றேன், தாந்தின். ரூம் பதியுற கம்ப்யூட்டர்"னா.

"ஏன்டி? இங்கதான் எல்லாம் சரியாயிடுச்சே! மெஷின் ஓடுது, வேலை இருக்கு..."

சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னா: "அங்க மெஷின் மெதுவா இருந்தா, மெஷின்தான் மெதுவா இருக்குன்னு சொல்வாங்க, தாந்தின்."

நான் இலையை மடிச்சுட்டு எழுந்துட்டேன்.

அடுத்த பூசத்துக்கு மெஷின் மறுபடியும் படுத்துக்கிச்சு. முறை வச்சதெல்லாம் ரெண்டு மாசத்துல காத்துல போச்சு. எல்லாரும் தன்னோடது தினம் வரணும்னு திரும்பப் போட வச்சுட்டாங்க, அந்த மயிலுக்கு ஜோடியா இன்னொரு மயிலையும் யாரோ கொடுத்திருந்தாங்க. கமிட்டி உட்கார்ந்துச்சு. தலைவர் தொண்டையைச் செருமினார். "போகும்போது அந்தப் பொண்ணு ஏதோ பண்ணிட்டுப் போயிருக்கா"ன்னார்.

மெஷின் தலையில நான் ஒட்டின பிள்ளையார் படத்தைப் பிச்சு எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். செருப்பை மாட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.